‘காலையில் பார்த்துக்கலாம்!’

எந்த அறிகுறி பொறுக்கும், எது விடியும்வரை தாங்காது? பூனை வளர்க்கும் வீடுகளுக்கு ஓர் அவசரக் கையேடு

இரவு 11.30. சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடி. குடும்பக் கட்டுப்பாடு செய்த நாலு வயதுக் கடுவன் பூனை, ஒரு மணி நேரத்துக்குள் ஐந்தாவது முறையாக மண் தட்டில் இறங்குகிறது. பரபரவென்று மண்ணைப் பறிக்கிறது. குந்தி உட்கார்ந்து, முதுகை வளைத்து முக்குகிறது. ஒன்றும் வரவில்லை. வெளியே வந்து பின்பக்கத்தை நக்கிக்கொள்கிறது. பிறகு குளியலறைக்குப் போய், தண்ணீர் இறங்கும் ஜாலியின் மேல் அதேபோல் உட்காருகிறது. அடித்தொண்டையிலிருந்து ஒரு முனகல்.

“மலச்சிக்கலாத்தான்டி இருக்கும். ரெண்டு சொட்டு விளக்கெண்ணெய் கொடு, காலையில பார்த்துக்கலாம்” என்கிறார் அம்மா.

“வயித்தைத் தொட்டாலே சீறுதும்மா.”

“எல்லாம் தானா சரியாயிடும். போய்ப் படு, நாளைக்கு ஆபீஸ் இல்ல உனக்கு?”

விடிந்ததும் முனகல் இல்லை. பூனை கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடக்கிறது. ‘வலி நின்னுடுச்சு போல’ என்று வீடு நிம்மதியாகிறது. ஆனால், இரவு முழுக்க அதன் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. இதயத் துடிப்பு தளரத் தொடங்கிவிட்டது. கத்தக்கூட அதற்குத் தெம்பில்லை.

இதில் யாரையும் கல்நெஞ்சுக்காரர் என்று சொல்லிவிட முடியாது. பூனைக்கென்று தனித் தட்டு, தனி மெத்தை வாங்கித் தருகிற வீடுதான். நாய் நொண்டினால் பதறிப்போய் ஆட்டோ பிடிக்கிற குடும்பம்கூட, பூனை விஷயத்தில் ‘அது தன்னைத்தானே பார்த்துக்கும்’ என்று விட்டுவிடுகிறது. எப்படி விழுந்தாலும் நாலு காலில் நிற்கிற பிராணியாயிற்றே! பூனை மருத்துவத்தில் கைமீறிப்போகிற பல கேஸ்களுக்கு அபூர்வ நோய் எதுவும் காரணமில்லை. முதல் அறிகுறிக்கும் முதல் ஊசிக்கும் நடுவில் ஓர் இரவு வீணாகியிருக்கும், அவ்வளவுதான்.

முகம் சொல்லும் வலி

வலி வந்தால் நாய் காட்டிக்கொள்ளும், பூனை மறைக்கும். எலியை வேட்டையாடுகிற பூனையே தன்னைவிடப் பெரிய மிருகங்களுக்கு இரையும்கூட. பலவீனத்தை வெளிக்காட்டினால் ஆபத்து என்பது அதன் ரத்தத்தில் ஊறியது. அதனால் நோய் வந்த பூனை சத்தம் போடுவதைவிட ஒளிந்துகொள்வதுதான் அதிகம். அலமாரிக்கு மேலே, பீரோ இடுக்கில், வாஷிங் மெஷினுக்குப் பின்னால். தினமும் வாசலுக்கு ஓடிவருகிற பூனை இரண்டு வேளையாகக் கண்ணில் படவில்லை என்றால் அதுவே முதல் தகவல்.

‘புர்ர்’ என்று உறுமிக்கொண்டே இருக்கிறதே, சந்தோஷமாகத்தானே இருக்கிறது என்பார்கள். கடும் வலியிலும், ஏன், சாகும் தறுவாயிலும்கூடப் பூனை உறுமும். அதை நம்ப வேண்டாம். முகத்தைப் பாருங்கள். கனடாவின் மொன்ட்ரியால் பல்கலைக்கழகத்துக் கால்நடை மருத்துவர்கள் 2019-ல் வெளியிட்ட ஒரு வலி அளவுகோல் இப்போது உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அது ஐந்து விஷயங்களைப் பார்க்கிறது: காதுகள் பக்கவாட்டில் தட்டையாகத் திரும்பியிருக்கின்றனவா, கண்கள் பாதி மூடி இடுங்கியிருக்கின்றனவா, மூக்கும் வாயும் இறுகியிருக்கின்றனவா, மீசை விறைத்து முன்னால் நீட்டியிருக்கிறதா, தலை தோளைவிடத் தாழ்ந்து தொங்குகிறதா? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். மொத்தம் 10-க்கு 4-ஐத் தொட்டாலே வலி மருந்து தேவைப்படலாம். தூங்கிக்கொண்டிருக்கிற, தின்றுகொண்டிருக்கிற பூனையை இப்படி அளக்கக் கூடாது. விழித்துச் சும்மா உட்கார்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும்.

சிறுநீர் அடைப்பு

கடுவன் பூனை வைத்திருப்பவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரே நோய் இதுதான். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் நுனியை நெருங்க நெருங்கக் குறுகிக்கொண்டே போகும். சிறுநீரில் சேரும் பொடிப்பொடியான உப்புப் படிகங்களும் சளி போன்ற கசடும் அங்கே தக்கை மாதிரி அடைத்துக்கொள்ளும். எதுவுமே இல்லாமல், பயத்தாலும் படபடப்பாலும் வரும் வீக்கத்தில் குழாய் இறுகி அடைபடுவதும் உண்டு. வீடு மாறியது, புதிதாக ஒரு பூனை வந்தது, தீபாவளி வெடிச்சத்தம் என்று தூண்டுதல் எதுவாகவும் இருக்கலாம். வீட்டுக்குள்ளேயே இருக்கிற, எடை கூடிய, உலர் தீனி தின்று தண்ணீர் குறைவாகக் குடிக்கிற பூனைகளுக்கு இது அதிகம். பெட்டைப் பூனையின் குழாய் அகலமானது, நீளமும் குறைவு; அதனால் அடைப்பு அரிது.

சிறுநீர் வெளியேறாவிட்டால் பை நிரம்பிக் கல் போலாகிவிடும். அழுத்தம் பின்னோக்கிச் சிறுநீரகம்வரை போகும். வெளியேற வேண்டிய யூரியா, கிரியேட்டினின், பொட்டாசியம் எல்லாம் ரத்தத்திலேயே தங்கும். இவற்றில் ஆளைக் கொல்வது பொட்டாசியம். முழுதாக அடைத்த 24 மணி நேரத்துக்குள் பூனை சோர்ந்து வாந்தியெடுக்க ஆரம்பிக்கும். இரண்டு மூன்று நாட்களில் இதயம் நின்றுபோகும்.

இங்கேதான் நம் வீட்டு வைத்தியங்கள் வினையாகின்றன. விளக்கெண்ணெய் மலக்குடலுக்கானது, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நெருஞ்சில் கஷாயமும் வாழைத்தண்டுச் சாறும் இன்னும் மோசம். மனிதருக்குச் சிறுநீர் பெருக்கக் கொடுக்கிற சரக்கு அவை. வாசல் அடைத்திருக்கும்போது உள்ளே இன்னும் தண்ணீரைத் தள்ளினால் என்ன ஆகும்? சிலர் யூடியூப் பார்த்து வயிற்றை அமுக்கிவிடுகிறார்கள். நிரம்பிய பை உள்ளுக்குள்ளேயே கிழியும்.

மருத்துவமனையில் முதல் வேலை இதயத்தைக் காப்பது. பொட்டாசியம் மிஞ்சியிருந்தால் கால்சியம் குளுக்கோனேட் ஊசி போட்டு, டிரிப்ஸ் ஏற்றுவார்கள். பிறகு மயக்கம் கொடுத்து மெல்லிய டியூப் நுழைத்து அடைப்பை எடுப்பார்கள். ‘டியூப் போட்டாச்சுல்ல, கொடுத்துடுங்க, வீட்டுக்குக் கொண்டுபோறோம்’ என்று கேட்பவர்கள் ஏராளம். செலவுக் கணக்குதான் காரணம், புரிகிறது. ஆனால், அடைப்பு நீங்கியதும் சிறுநீரகம் கட்டுக்கடங்காமல் நீரை வெளியே கொட்டும். டிரிப்ஸில் அதை ஈடுகட்டாவிட்டால், அடைப்பிலிருந்து பிழைத்த பூனை நீர் வற்றிச் சாகும். பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களாவது உள்ளே வைத்திருப்பது அதற்காகத்தான்.

வீடு திரும்பியபின் முதல் சில வாரங்கள் கண்டம். மறுபடி அடைக்கிற வாய்ப்பு கணிசமானது. ஈரத் தீனி, பல இடங்களில் தண்ணீர்க் கிண்ணம், வீட்டில் எத்தனை பூனையோ அதைவிட ஒன்று கூடுதலாக மண் தட்டு: இதெல்லாம் மருந்துச் சீட்டில் எழுதாவிட்டாலும் மருந்துதான். திரும்பத் திரும்ப அடைத்தால், குழாயின் குறுகிய நுனியை நீக்கி வழியை அகலமாக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது.

[பெட்டி]
இயல்பு நிலை எது?
உடல் வெப்பம்: 38.1 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் (100.5 – 102.5 டிகிரி ஃபாரன்ஹீட்). நம் கைக்குப் பூனை எப்போதும் கொஞ்சம் சூடாகத்தான் தெரியும்.
மூச்சு: தூங்கும்போது நிமிடத்துக்கு 30-க்குள். நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள்.
இதயத் துடிப்பு: நிமிடத்துக்கு 140 முதல் 220.
ஈறு: இளஞ்சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். வெள்ளை, நீலம், பழுப்பு, மஞ்சள் நான்குமே ஆபத்து. ஈறு கறுத்த பூனைக்குக் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள்.
[பெட்டி முடிந்தது]

ஒரே ஒரு மாத்திரை

‘உடம்பு சுடுது’ என்று பூனைக்குப் பாராசிட்டமால் கொடுக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. குழந்தைக்குக் கொடுப்பதுதானே, பாதி கொடுத்தால் என்ன என்ற எண்ணம். 4 கிலோ பூனைக்கு 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதி என்பது கிலோவுக்கு 62 மில்லிகிராமுக்கும் மேல். கிலோவுக்கு 10 மில்லிகிராமிலேயே நச்சு அறிகுறிகள் தென்பட்டிருக்கின்றன. குழந்தைகளுக்கான சிரப்பில் 5 மில்லிக்குள் 125 அல்லது 250 மில்லிகிராம் இருக்கும். ஆகவே ‘ஒரு ஸ்பூன்தான்’ என்பதும் பதிலாகாது.

மனிதக் கல்லீரல் இந்த மருந்தை ஒரு சர்க்கரைப் பொருளோடு சேர்த்துக் கட்டி வெளியே அனுப்பிவிடும். அந்த வேலையைச் செய்யும் என்சைமுக்கான மரபணு பூனைக்குச் செயலிழந்து கிடக்கிறது. சிங்கம், புலி வரை பூனைக் குடும்பம் முழுக்க இதே கதைதான். தலைமுறை தலைமுறையாகக் கறி மட்டுமே தின்று வாழ்ந்ததால், தாவர நச்சுகளை முறிக்கும் அந்தக் கருவி தேவைப்படாமல் கெட்டுப்போனது என்பது ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் விளக்கம். வெளியேற முடியாத மருந்து ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கும். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும். சில மணி நேரத்தில் ஈறு சாக்லேட் நிறத்துக்கு மாறும், முகமும் பாதங்களும் வீங்கும், பூனை வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிக்கும்.

முறிமருந்து உண்டு. மனிதர்கள் அளவுக்கு மீறிப் பாராசிட்டமால் விழுங்கினால் கொடுக்கிற அதே அசிட்டைல்சிஸ்டீன்தான். எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு நல்லது. எனவே, தெரியாமல் கொடுத்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துச்சென்று, எத்தனை மணிக்கு எவ்வளவு என்று சொல்லிவிடுங்கள். ‘வீட்ல ஒண்ணும் கொடுக்கல டாக்டர்’ என்கிற பொய்க்கு விலை பூனையின் உயிர். இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளும் வேண்டவே வேண்டாம்.

இதே கல்லீரல் குறைபாடுதான் இன்னொரு விபத்துக்கும் வழிவிடுகிறது. நாய்க்கு முதுகில் விடும் உண்ணி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. நாய்க்குப் பாதுகாப்பான அந்த மருந்து பூனைக்கு விஷம். மீந்ததைப் பூனைக்கும் நாலு சொட்டு விட்டால், காது துடிக்கும், உடம்பு நடுங்கும், வலிப்பு வரும். மருந்து விட்ட நாயோடு ஒட்டிப் படுத்தாலும் வரலாம். வலிப்பு இன்னும் வரவில்லை என்றால் பாத்திரம் கழுவும் திரவத்தை வெதுவெதுப்பான நீரில் கலந்து முதுகைக் கழுவித் துடைத்து, உடனே கிளம்புங்கள்.

[பெட்டி]
வீட்டுக்குள்ளேயே விஷம்
லில்லிப் பூ: பொக்கேயில் வரும் அசல் லில்லி பூனையின் சிறுநீரகத்தை மூன்று நாட்களுக்குள் செயலிழக்கச் செய்யும். இலை, மகரந்தம், ஜாடித் தண்ணீர் எல்லாமே நஞ்சு. பரிசாக வந்தாலும் வீட்டுக்குள் விடாதீர்கள். தொட்டியில் வளர்க்கும் ‘பீஸ் லில்லி’ வேறு இனம். அது வாயை எரியவைக்கும், சிறுநீரகத்தைத் தொடாது.
தோட்டத்தில்: அரளி, செங்காந்தள், சைகஸ்.
எலி கேக்: ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகையில் பாதிப்பு தெரியவே சில நாட்களாகும். தின்றதைப் பார்த்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் கவரோடு ஓடுங்கள். வைட்டமின் கே1 காப்பாற்றும்.
சமையலறையில்: வெங்காயம், பூண்டு. ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். குழம்பு ஊற்றிய சோறு வேண்டாம்.
மற்றவை: ஃபினாயில், பாச்சை உருண்டை.
செய்யக் கூடாதது: உப்புத் தண்ணீர், ஹைட்ரஜன் பெராக்சைடு, விரலை விட்டு வாந்தி எடுக்கவைப்பது. பால் எந்த விஷத்துக்கும் முறிவு கிடையாது.
[பெட்டி முடிந்தது]

வாயைத் திறந்து மூச்சு விட்டால்

நாய் நாக்கைத் தொங்கப்போட்டு இளைப்பது இயல்பு. பூனை அப்படிச் செய்தால் அது வேறு. ஓடியாடி விளையாடிய குட்டியோ, வண்டியில் பயந்த பூனையோ சில நிமிடம் இளைத்து அடங்கிவிடும். சும்மா இருக்கும்போது வாய் திறந்து, கழுத்தை நீட்டி, முழங்கைகளை அகட்டிக்கொண்டு, வயிறு உள்வாங்க மூச்சிழுத்தால் நெஞ்சுக்குள் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். ஆஸ்துமா, நுரையீரலைச் சுற்றி நீர் அல்லது சீழ், இதய நோய் என்று காரணம் பல. வீட்டில் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமில்லை. மடியில் மல்லாத்திப் போட்டு வாயைப் பார்ப்பது, தண்ணீர் ஊற்றுவது, குழந்தைகள் கூடி நின்று தடவுவது எல்லாம் இருக்கிற கொஞ்ச மூச்சையும் தின்றுவிடும். காற்றோட்டமான கூடையில் வைத்து, மெதுவாகத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். நல்ல மருத்துவர் முதலில் ஆக்சிஜன் கொடுப்பார். எக்ஸ்ரே பிறகு. ‘வந்து அரை மணி நேரமாச்சு, ஒரு டெஸ்ட்கூட எடுக்கல’ என்று அங்கே சண்டை பிடிக்காதீர்கள்.

இதய நோயின் கொடூரமான முகம் இன்னொன்று. நேற்றுவரை ஜன்னலில் குதித்த பூனை திடீரென்று அலறும். பின்னங்கால்கள் இரண்டும் இழுபடும். அடிபட்டிருக்குமோ, பாம்பு கடித்திருக்குமோ என்று தோன்றும். பாதங்களைத் தொட்டுப் பாருங்கள். முன்பாதம் சூடாகவும் பின்பாதம் சில்லென்றும் இருந்து, பாத மெத்தை வெளிறியோ நீலம் பாரித்தோ கிடந்தால், இதயத்தில் உருவான ரத்தக்கட்டி பெருந்தமனி கால்களுக்குப் பிரியும் இடத்தில் போய் அடைத்திருக்கிறது. இதயத் தசை தடிக்கும் நோய் வெளியே தெரியாமல் இருந்திருக்கும். மெயின் கூன், ராக்டால் போன்ற இனங்களில் இதற்கான மரபணு மாற்றங்களே அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. நாட்டுப் பூனைக்கும் வரும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம்: இதில் பிழைப்பவை குறைவு. பிழைத்தாலும் மறுபடி வரலாம். ஆனால் வலி தாங்க முடியாதது. ‘எப்படியும் போகப்போகுது, வீட்லயே இருக்கட்டும்’ என்று பாயில் கிடத்துவதுதான் நாம் செய்யக்கூடிய ஆகப் பெரிய கொடுமை. வலி நிவாரண ஊசியாவது அதன் உரிமை. அதன் பிறகு சிகிச்சையா, கருணை மரணமா என்பதை மருத்துவரோடு உட்கார்ந்து பேசலாம்.

நாலு காலில் விழுந்தால் போதுமா?

நியூயார்க் கால்நடை மருத்துவமனை ஒன்றில், மாடியிலிருந்து விழுந்து 1984-ல் ஐந்து மாதங்களில் கொண்டுவரப்பட்ட 132 பூனைகளைப் பற்றிய ஆய்வு 1987-ல் வெளியானது. சிகிச்சை பெற்றவற்றில் 90 சதவீதம் பிழைத்தன. ஏழு மாடிக்கு மேலிருந்து விழுந்தவற்றுக்குக் காயம் குறைவாக இருந்தது என்பது அதில் வந்த விசித்திரச் சேதி. அந்த உயரத்துக்கு மேல் வேகம் கூடாமல் நிலைத்துவிடுவதால் பூனை உடலைத் தளர்த்திப் பரப்பிக்கொள்கிறது என்று விளக்கம் சொன்னார்கள். வாட்ஸ்அப்பில் இன்றுவரை இது சுற்றுகிறது. விழுந்த இடத்திலேயே செத்த பூனையை யார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள்? கணக்கிலேயே வராத அந்தப் பூனைகளை நினைவில் வைத்துக்கொண்டு அந்த ஆய்வைப் படிக்க வேண்டும்.

விழுந்து எழுந்து நடந்துவந்த பூனையும் தப்பித்ததாக ஆகாது. தாடை உடைவது, மேலண்ணம் பிளப்பது, நெஞ்சுக்கூட்டில் காற்று புகுந்து நுரையீரல் சுருங்குவது, சிறுநீர்ப்பை கிழிவது இவையெல்லாம் பல மணி நேரம் கழித்தும் வெளிப்படும். மாடியிலிருந்து விழுந்தால், ரத்தம் இல்லாவிட்டாலும், அன்றைக்கே காட்ட வேண்டும். நம் ஊர் பால்கனிகளில் புறா வலை கட்டியிருப்பதால் தைரியமாக இருக்கிறோம். அந்த நைலான் வலை புறாவுக்குத்தான். பூனை ஏறித் தொங்கினால் ஓரத்து ஆணி கழன்றுவிடும். கடித்தே ஓட்டை போடும் பூனையும் உண்டு.

சரம், நூல், ஊசி

பூக்காரம்மா கட்டித்தரும் மல்லிகைச் சரம் வாடியதும் குப்பைக்கூடைக்குப் போகும். அந்த நூலும் வாழைநாரும் பூனைக்கு விளையாட்டு. பூனையின் நாக்கில் முட்கள் உள்நோக்கி இருப்பதால் நூல் ஒருமுறை ஒட்டினால் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். ஒரு முனை நாக்கின் அடியில் சுற்றிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் இறங்கும். குடல் சுருக்குப்பை வாய் போல மடிந்து மடிந்து, கடைசியில் நூலே கத்தியாகிக் குடலை அறுத்துவிடும். தையல் மெஷின் உள்ள வீட்டில் ஊசியும் சேர்ந்து போகும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் ஒருபோதும் இழுக்காதீர்கள். வெளியே தொங்குவதை வெட்டவும் வேண்டாம்; பிடிமானம் போய்விடும். அப்படியே கொண்டுபோங்கள். தொடர்ந்து வாந்தி, சாப்பிட மறுப்பு இரண்டும் சேர்ந்தால் மருத்துவரிடம் ‘நூல் ஏதாவது முழுங்கியிருக்கலாம்’ என்று நீங்களே சொல்லுங்கள்.

கத்திரி வெயிலும் பெர்ஷியனும்

பனி விழும் மலைப் பிரதேசத்துக்கென்று அமைந்த ரோமத்தையும், மனிதர் ஆசைக்குச் சப்பையாக்கப்பட்ட மூக்கையும் சேர்த்துச் சுமக்கிற பிராணியை, அக்னி நட்சத்திரத்தில் மூடிய வீட்டில் விட்டுவிட்டுப் போவது பற்றி எனக்கு நல்ல வார்த்தை எதுவும் இல்லை. 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிய உடம்பு, வாய் திறந்த மூச்சு, ஒழுகும் எச்சில், தள்ளாட்டம்: வெப்பத்தாக்கு. குழாய்த் தண்ணீரால் உடம்பை நனைத்து ஃபேன் காற்றில் வைத்துக்கொண்டே புறப்படுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, சூட்டை உள்ளேயே பூட்டிவிடும்.

எது காத்திருக்கும், எது காத்திருக்காது?

ஒரே ஒரு முறை முடி உருண்டையை வாந்தியெடுத்துவிட்டுப் பழையபடி தின்றால், காத்திருக்கலாம். தும்மல், காதைச் சொறிதல், லேசான நொண்டல், ஒரு வேளைச் சாப்பாட்டை ஒதுக்குவது எல்லாம் மறுநாள் காலைக்குரியவை. ஆனால், முழு ஒரு நாள் எதுவும் தின்னவில்லை என்றால் அது வெறும் பிகு கிடையாது. குண்டுப் பூனை சில நாள் பட்டினி கிடந்தால், உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலுக்குள் குவிந்து, கல்லீரல் செயலிழந்துபோகும். பிறகு வாரக்கணக்கில் டியூப் வழியே ஊட்ட வேண்டிவரும்.

தடுப்பூசி போடாத குட்டியின் கணக்கே தனி. திடீர் வாந்தி, நாற்றமடிக்கும் பேதி, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப்போட்டுக் குடிக்காமல் உட்கார்ந்திருப்பது என்றால், வெள்ளையணுக்களை அழிக்கும் பான்லூக்கோபீனியா வைரஸாக இருக்கலாம். காலையில் விளையாடிய குட்டி மறுநாள் இல்லாமல் போகும். அதன் கிருமி தரையிலும் துணியிலும் ஓராண்டு வரைகூட உயிர்ப்போடு கிடக்கும். ஃபினாயிலுக்கு அடங்காது, பிளீச்சிங் கரைசலுக்குத்தான் அடங்கும். அது அடங்காத வீட்டுக்கு ஊசி போடாத அடுத்த குட்டியைக் கொண்டுவராதீர்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கொரு முறை 16 வாரம் முடியும்வரை. இந்த ஒரு வரிசையை ஒழுங்காக முடித்தால் இந்தப் பத்தியே உங்களுக்குத் தேவைப்படாது.

வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினாலும், நிற்காமல் அடுத்தடுத்து வந்தாலும் உடனே கிளம்ப வேண்டும். வாய்க்குள் விரலோ ஸ்பூனோ வேண்டாம். அடிபடாமல் சுற்றியிருப்பதை நகர்த்திவிட்டு, முடிந்தால் செல்போனில் வீடியோ எடுங்கள். அது மருத்துவருக்கு நூறு வார்த்தை விளக்கத்தைவிட உதவும்.

இரவில் எங்கே போவது?

பெரும்பாலான தனியார் கிளினிக்குகள் மாலையில் திறந்து இரவு 9 மணிக்கெல்லாம் ஷட்டர் போட்டுவிடும். சென்னைக்காரர்களுக்கு, 1903-ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை பெரிய பலம். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் கல்லூரி மருத்துவமனைகள் உண்டு. 1962 என்ற கட்டணமில்லாக் கால்நடை அவசர எண் இருந்தாலும், அது பெரும்பாலும் கிராமத்து ஆடு மாடுகளை மனதில் வைத்து அமைந்தது. நள்ளிரவில் அடைப்போடு தவிக்கும் பூனைக்கு அதை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். பூனை நன்றாக இருக்கிற ஒரு நாளில், உங்கள் ஊரில் இரவு 12 மணிக்குத் திறந்திருப்பது எது, அங்கே ஆக்சிஜன் இருக்கிறதா, பூனையை உள்நோயாளியாகச் சேர்த்துக்கொள்வார்களா என்று விசாரித்து எண்ணைச் சேமித்துவையுங்கள்.

செலவைப் பற்றிப் பேசவும் தயங்காதீர்கள். ‘இவ்வளவுதான் முடியும், இதற்குள் எது முக்கியம்?’ என்று கேட்டால் பெரும்பாலான மருத்துவர்கள் வழி சொல்வார்கள். சொல்லாமல் பாதியில் தூக்கிக்கொண்டு போவதுதான் செலவும் வீண், உயிரும் வீண் என்றாக்குகிறது.

[பெட்டி]
போனில் முதலில் சொல்ல வேண்டியது
வயது, எடை, கடுவனா பெட்டையா, குடும்பக் கட்டுப்பாடு ஆனதா.
என்ன நடந்தது, எத்தனை மணிக்கு. கடைசியாகச் சாப்பிட்டது, சிறுநீர் கழித்தது எப்போது.
ஈறு நிறம், மூச்சின் எண்ணிக்கை.
கொடுத்த மருந்து எதுவானாலும், அட்டையின் போட்டோவோடு.
‘கிளம்பிட்டோம், 20 நிமிஷத்துல வர்றோம்’ என்ற தகவல். அதற்குள் ஆக்சிஜனும் மருந்தும் தயாராகும்.
[பெட்டி முடிந்தது]

உங்கள் கை

வலியில் இருக்கும் பூனைக்கு ‘நம்ம அக்கா’, ‘நம்ம அம்மா’ என்ற கணக்கெல்லாம் இல்லை. கடிக்கும். கெட்டியான துண்டைப் போர்த்தி, முகம் மட்டும் வெளியே தெரியச் சுருட்டித் தூக்கினால் இருவருக்கும் பாதுகாப்பு. மூச்சுத் திணறும் பூனையை மட்டும் இப்படிச் சுற்றாதீர்கள். மேல்பக்கம் திறக்கும் கூடை இருந்தால் பாதிப் போராட்டம் மிச்சம்.

பூனைப் பல் ஊசி மாதிரி. வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், கிருமி ஆழத்தில் போய்விடும். மறுநாளே கை வீங்கிச் சிவக்கலாம். கடித்தாலும் பிறாண்டினாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் அப்ப வேண்டாம். ரேபிஸ் பூனை மூலமும் பரவும். தடுப்பூசி அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். பூனையை உள்ளே சேர்த்துவிட்டு வெளியே பெஞ்சில் காத்திருக்கிற நேரத்திலேயே கையைக் கழுவிவிடலாம். அதன் பிறகு உங்களைப் பார்க்கும் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, பூனைக்கு ரேபிஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்பதாகத்தான் இருக்கும். அந்தத் தடுப்பூசி அட்டையைக் கூடையின் பக்கவாட்டுப் பையிலேயே போட்டுவையுங்கள்.